சாந்தி (அறுபதாம் கல்யாணம்) கழிந்த பிறகு வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை

அறுபதை நெருங்கியவருக்கு வெளிநாட்டில் டீச்சர் வேலை கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாரும், ‘இந்த வயசில் என்னை எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும்?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பில் நின்று பாடம் நடத்த ஆள் வேண்டும். தலை நரைத்திருந்தால் அங்கே பெரிதாக யாரும் முகம் சுளிப்பதில்லை. வயசைக் கேட்டுக் கதவைச் சாத்துவது அந்தந்த நாட்டு விசாச் சட்டம். அதனால் நாட்டை முதலில் முடிவு செய்யுங்கள், பள்ளிக்கூடத்தை அதற்கப்புறம் தேடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் நூறு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதிலே வரவில்லை என்று சோர்ந்து போகிறார்கள்.

நான் தேவகோட்டைக்காரி. அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் முதுகலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு கம்போடியாவில், சியெம் ரீப் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பியிருக்கிறேன். இப்போது காரைக்குடி, பள்ளத்தூர், கண்டனூர்ப் பக்கத்திலிருந்து டீச்சர்கள் சான்றிதழ்க் கட்டோடு வருகிறார்கள். அவர்களிடம் எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ‘சாந்தி கழிஞ்சாச்சு, பேரன் பேத்தியப் பாத்துக்கிட்டு இருக்கறத விட்டுட்டு இதெல்லாம் என்னத்துக்கு ஆச்சி?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் பார்க்க) பர்மாவுக்குக் கப்பல் ஏறினபோது அவர்களை யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும், நீங்கள் பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இனி நாடுகள். இந்தியப் பாஸ்போர்ட்டையும் வயசையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். தென் கொரியாவில் இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பதற்கான ‘ஈ-2’ விசா பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்களுக்கும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஜப்பானில் பள்ளிகளில் மொழி கற்றுக்கொடுக்கும் விசாவுக்கு, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்கள் 12 வருசம் இங்கிலீஷ் வழியில் படித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். நம் வயசுக்காரர்கள் பலரும் பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவர்கள். நானும் அப்படித்தான், ஆகவே ஜப்பானைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். சீனா 60க்கு மேல் புதிதாக வேலை அனுமதி கொடுக்கத் தயங்கும். மொழி வகுப்புக்கு இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர்தான் வேண்டும் என்றும் கேட்கும். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி.

வளைகுடா நமக்குப் பழகின திசை. அங்கே உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இந்திய ஆசிரியர்களைத்தான் நம்பியிருக்கின்றன, பி.எட். இருந்தால் மதிப்பார்கள். ஆனால் 60ஐத் தொட்டவருக்குப் புது விசா எடுக்கப் பெரும்பாலான பள்ளிகள் முன்வருவதில்லை. ஐம்பதின் ஆரம்பத்திலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் ஓமன், குவைத் பக்கம் பாருங்கள் என்பேன். அறுபது முடித்தவர்களிடம் அதைச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன்.

மாலத்தீவுப் பள்ளிகளில் பாடமே இங்கிலீஷில்தான். இந்திய ஆசிரியர்கள் அங்கே பல காலமாக இருக்கிறார்கள். போகிறவர்களுக்கு இரண்டு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். டாலர் தட்டுப்பாட்டால் ஊருக்குப் பணம் அனுப்ப வங்கிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன; முழுச் சம்பளத்தையும் மாதா மாதம் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழிபாட்டுக்கான சாமி சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற வீட்டுக்காரர்கள் பெட்டி கட்டும்போது இதை மறந்துவிடக் கூடாது.

தாய்லாந்தில் ஆசிரியர் உரிமம் வழங்க ஒரு மன்றம் இருக்கிறது, குருசபா என்று பெயர். பி.எட். படித்தவருக்கு அங்கே வழி சுலபம். பட்டம் மட்டும் இருந்தால் தற்காலிக அனுமதியில் ஓட்ட வேண்டியிருக்கும். இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்களிடம் டோயிக் என்ற இங்கிலீஷ் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பது வழக்கம். வேலை விளம்பரத்திலேயே வயசு வரம்பைப் போட்டுவிடுகிற பள்ளிகள் அங்கே நிறைய. ஒருவகையில் அது நல்லது, நம் நேரம் வீணாகாது. வியட்நாமில் வேலை அனுமதிச் சட்டம் மேல் வயசு என்று எதையும் குறிப்பிடவில்லை. பட்டமும், இங்கிலீஷ் கற்பிப்பதற்கான சான்றிதழும், உடல் தகுதிச் சான்றும், போலீஸ் சான்றும் கேட்பார்கள். ஹோ சி மின் நகரத்தில், நம்மவர்கள் சைகோன் என்று சொல்லி வட்டிக்கடை வைத்திருந்த ஊரில், மாலை நேர மொழி மையங்கள் ஏராளம். தண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது.

நான் கம்போடியாவைப் பிடித்ததற்குக் காரணம் அங்கே வயசைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்காததுதான். அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விசாவில் ‘டி’ (T) என்றிருந்தால் சுற்றுலா, ‘ஈ’ (E) என்றிருந்தால் சாதாரண விசா. ‘ஈ’ விசாவில் நுழைந்தால்தான் உள்ளே போய் வேலைக்கான நீட்டிப்பு வாங்க முடியும். ‘டி’ விசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பள்ளி சொன்னால் அந்தப் பள்ளியோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சம்பளம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் வரும். அவர்கள் புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பும் ஏப்ரல் நடுவில் ஒன்றாகவே வருவதால், ஊருக்கு வந்து போக அப்போது லீவு கேட்டுச் சண்டை போட வேண்டியதில்லை. திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர் வழியாகப் போய்விடலாம். காரைக்குடிக்காரர்கள் சென்னை வரை அலைய வேண்டாம்.

அடுத்தது சான்றிதழ். முப்பது வருசம் பாடம் நடத்தினவருக்கு எதற்குப் புதுச் சான்றிதழ் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு நம் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதம் ஒன்றும் புரியாது. அவர்களுக்குப் புரிகிற பெயர்கள் இரண்டு: கேம்பிரிட்ஜின் செல்ட்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசால். இரண்டும் இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சிக்கான சான்றிதழ்கள். செல்ட்டா குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் பாடம் நடத்த, பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். மேல் வயசு வரம்பு கிடையாது. முழு நேரமாகப் படித்தால் 4 வாரத்தில் முடியும். கணினி வழியாகவும் படிக்கலாம். செலவு லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு போட மனசில்லாதவர்களுக்கு இணைய வழி 120 மணி நேர டெஃபல் (வெளிநாட்டாருக்கு இங்கிலீஷ் கற்பிக்கும்) படிப்புகள் இருக்கின்றன. கம்போடியாவுக்கும் வியட்நாமின் சிறு மையங்களுக்கும் அது போதும். பாங்கிலோ எல்.ஐ.சி.யிலோ இருந்து ஓய்வு பெற்ற, பி.எட். இல்லாத பட்டதாரிகள் என்னிடம் வந்தால், செல்ட்டாவுக்குத்தான் போகச் சொல்வேன். அவர்களுக்கு அனுபவச் சான்று இல்லை. பாடம் நடத்திக் காட்டிய சான்றாவது கையில் இருக்கட்டும்.

உங்கள் இங்கிலீஷ் திறனுக்குச் சான்றாக ஐயெல்ட்ஸ் தேர்வையும் எழுதிவிடுங்கள். மதுரை, திருச்சியிலேயே எழுதலாம். மதிப்பெண் 2 வருசம்தான் செல்லும். ஆகவே மற்றக் காகிதமெல்லாம் தயாரான பிறகு எழுதினால் வீணாகாது. கணினியில் எழுதுவதாக இருந்தால் தட்டச்சுப் பழகிக்கொண்டு போங்கள். நம் தலைமுறையில் டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர்கள் இதில் பிள்ளைகளையே தோற்கடித்துவிடுவார்கள். தேர்வு அறைக்கு வெளியே ஒரு பையன் என்னிடம், ‘ஆன்ட்டி, யாரக் கூட்டிட்டு வந்தீங்க?’ என்று கேட்டான். என் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.

இப்போது மெய்யாகவே காலத்தைத் தின்னுகிற வேலைக்கு வருவோம்: காகிதங்கள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘பழ. உமையாள்’, பட்டத்தில் ‘மெ. பழ. உமையாள்’, பாஸ்போர்ட்டில் ஐயா பெயரும் அப்பச்சி (அப்பா) பெயரும் முழுசாக விரிந்து ஒரு முழ நீளம், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் இருக்கிற அதிகாரிக்கு நாலு பெண்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல எல்லாக் காகிதத்தையும் ஒரு மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நோட்டரி முன்னிலையில், இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். வித்தியாசம் பெரிசாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, பாஸ்போர்ட்டையே திருத்திக்கொள்வது நல்லது. நம் பகுதிக்கு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் மதுரை.

பிறந்த தேதி இன்னொரு தொல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வாத்தியார் வசதிக்கு ஒரு ஜூன் மாசத் தேதியைப் போட்டுவிட்டார், மெய்யான வயசு ஒன்றரை வருசம் குறைவு என்று சொல்கிறவர்கள் என்னிடம் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். சர்க்காரிலும் பென்ஷனிலும் எந்தத் தேதி இருக்கிறதோ அதுதான் உங்கள் வயசு. இப்போது போய் அதைத் திருத்த ஆசைப்பட்டால் விசா விண்ணப்பத்தில் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பட்டத்துக்கு முதலில், அது மெய்யானதுதான் என்று பல்கலைக்கழகம் தரும் உண்மைத்தன்மைச் சான்று. பள்ளிக்கூடத்து ஆட்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான், பணியில் சேரும்போதே வாங்கியிருப்போம். ஆனால் அந்தப் பழைய சான்று பெரும்பாலும் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். அதற்கப்புறம் மாநில அரசின் சான்றொப்பம். கடைசியாக வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது காகிதம் மெய்யானது என்று பிற நாடுகளுக்குச் சொல்லும் முத்திரை. இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்பாட்டில் சேர்ந்தது. ஓமன், சவூதி போல அதில் உள்ள நாடுகளுக்கு அந்த ஒரு முத்திரை போதும். ஐக்கிய அமீரகம், குவைத் போன்றவற்றுக்கு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் தனியாகக் குத்த வேண்டும். அமைச்சகம் நேரடியாகப் பொதுமக்களிடம் காகிதம் வாங்குவதில்லை. அங்கீகரித்த மையங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய், அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் எதற்கென்று ரசீது கேளுங்கள். பல்லவன் ரயிலில் காலையில் ஏறிச் சென்னை போய் நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைதான் இது.

எம்.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்தவர்கள் நம்மில் ஏராளம். வளைகுடாவில் பல இடங்களில் தொலைநிலைப் பட்டத்தைச் சமமாக ஏற்பதில்லை. பி.ஏ.வும் பி.எட்.டும் கல்லூரிக்குப் போய்ப் படித்தது என்றால் அவற்றை முன்னே வையுங்கள், எம்.ஏ.வைக் கூடுதல் தகுதியாகக் காட்டுங்கள். போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய். பழைய சான்றை ஏற்க மாட்டார்கள் என்பதால் இதைக் கடைசியாக எடுங்கள்.

விண்ணப்பம் எழுதும்போது நம் ஊர் பயோடேட்டாவை மறந்துவிடுங்கள். தகப்பனார் பெயர், மதம், சாதி, ‘நான் மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்’ எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். கடைசி பத்து வருச வேலையை விரிவாகவும் அதற்கு முந்தையதை இரண்டு வரியிலும் எழுதுங்கள். என் அனுபவத்தில், வேலை கொடுப்பவரை வயசை விட அதிகமாக உறுத்துவது ஓய்வுக்குப் பிறகு விழுந்த இடைவெளி. ஓய்வு பெற்று மூன்று வருசம் வீட்டில் இருந்துவிட்டு விண்ணப்பிக்கிறவரிடம், இன்னும் வகுப்பில் நிற்பாரா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் பக்கத்து மெட்ரிக் பள்ளியிலோ டியூஷன் சென்டரிலோ வாரத்துக்கு நாலு வகுப்பாவது எடுத்துக்கொண்டிருங்கள். அங்கிருந்து ஒரு புதுக் கடிதமும் கிடைக்கும். பரிந்துரைக்க இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு வேலை செய்கிற ஈமெயில் இருக்க வேண்டும். என்னுடைய பழைய தலைமையாசிரியைக்கு ஈமெயிலே கிடையாது. அவர்கள் பேரன்தான் ஒன்று திறந்து கொடுத்தான், பதிலை ஆச்சி சொல்லச் சொல்ல அவனே தட்டினான்.

நேர்காணலில் வயசை நேராகக் கேட்க மாட்டார்கள், சுற்றி வருவார்கள். உடம்பு எப்படி, எத்தனை வருசம் இருப்பீர்கள், ஸ்மார்ட் போர்டு பழக்கமா என்பார்கள். மனசுக்குள் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: 28 வயசு ஒருங்கிணைப்பாளர் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்றால் இந்த அம்மா கேட்பாரா? கடைசியாகப் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு நிஜமான உதாரணம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ‘ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தச் சந்தேகம் பெரிசாகிவிடும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது டெமோ கிளாஸ். 15 அல்லது 20 நிமிசம், ஜூமிலோ நேரிலோ. நம் ஊரில் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கிழியப் பாடம் நடத்திப் பழகினவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கிராமர் விதியைப் போர்டில் எழுதி, விளக்கி, ‘ரிபீட் ஆஃப்டர் மீ’ சொல்லி முடித்தால் நேரம் தீர்ந்துவிடும்; பிள்ளைகள் ஒரு வாக்கியம் சொந்தமாகப் பேசியிருக்க மாட்டார்கள். அவர்கள் பார்க்க விரும்புவது டீச்சர் குறைவாகவும் பிள்ளைகள் அதிகமாகவும் பேசுகிற வகுப்பை.

நான் நடத்தின டெமோவைச் சொல்கிறேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் ‘தேர் இஸ், தேர் ஆர்’. கானாடுகாத்தானில் உள்ள ஒரு பெரிய வீட்டின் உள்முற்றப் படத்தைக் காட்டினேன்: தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஊஞ்சல், ஓரத்தில் பித்தளை அண்டா. ஒரு நிமிசம் பார்க்கச் சொல்லிவிட்டுப் படத்தை மறைத்தேன். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து எது எது இருந்தது என்று ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னேன். ஒரு ஜோடி ‘தேர் இஸ் எய்ட் பில்லர்ஸ்’ என்றது. நான் திருத்தவில்லை; போர்டில் எழுதி, வகுப்பையே பார்க்கச் சொன்னேன், அவர்களே திருத்தினார்கள். பிறகு படத்தைத் திறந்து, யார் சரியாகச் சொன்னது என்று சண்டை. கடைசி ஐந்து நிமிசம் அவரவர் வீட்டு முன்னறையைப் பக்கத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷில் சொல்ல, அது படம் வரைந்தது. நான் பேசினது மொத்தத்தில் மூன்று நிமிசம் இருக்கும். அண்டா என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டு, அதற்கே வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது. இதை வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது போனில் பதிவு செய்து, உங்கள் குரல் எத்தனை நிமிசம் கேட்கிறது என்று எண்ணுங்கள்.

ஏஜெண்டு விசயம். ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப 1983ஆம் வருசக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, பெயர் போட்டுத் தேடலாம். அவர்கள் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் ஒரு ஏஜெண்டு ‘எமிக்ரேஷன் கிளியரன்ஸ்’ (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி) என்று தனித் தொகை கேட்டார். பத்தாம் வகுப்புத் தேறினவர்களுக்கும் 50 வயசு தாண்டினவர்களுக்கும் அந்தக் கிளியரன்ஸே தேவையில்லை. எனக்கு இரண்டு தகுதியும் இருக்கிறது என்று சொன்னேன், அதன் பிறகு அவர் போன் எடுப்பதில்லை. தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை.

தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் மியன்மார் எல்லையில் மியாவாடிப் பக்கம் அடைத்து வைத்து, கணினி மோசடி செய்ய வைத்த கும்பல்களிடம் 2022இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். கம்போடியாவிலும் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. கிழவியை அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று அசட்டையாக இருக்க வேண்டாம், இங்கிலீஷ் தெரிந்த ஆள் அவர்களுக்கும் வேண்டும். பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் வெளிநாட்டு டீச்சர் ஒருவரோடு வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் பள்ளியைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிப் பள்ளியின் பெயரைக் கேளுங்கள். டிக்கெட் ஒரு ஊருக்கும் வேலை இன்னொரு ஊருக்கும் இருந்தால் விமானம் ஏறாதீர்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்க எங்கள் ஐயாதான் எனக்கு வாத்தியார். அவர்கள் காலத்துச் சம்பளச் சீட்டு ஒன்று எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது: எத்தனை வருசக் கணக்கு, எவ்வளவு சம்பளம், முன்பணம் எவ்வளவு என்று மிச்சம் மீதி இல்லாமல் எழுதியிருக்கிறது. எனக்கு வந்த முதல் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்ற எண்ணே இல்லை, ‘தேவைக்கேற்ப’ என்றிருந்தது. எண் எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். 24 என்று எழுதினார்கள். விமான டிக்கெட் போக மட்டுமா, வரவுமா. வீடு கொடுப்பார்களா, வீட்டுப் படியா, மாடி என்றால் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. பள்ளி லீவு மாதங்களுக்குச் சம்பளம் உண்டா. விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. பாஸ்போர்ட்டைப் பள்ளி வைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

நம் வயசுக்காரர்கள் இன்னும் இரண்டு வரிகளைத் தேட வேண்டும். மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குச் செல்லுமா என்பது ஒன்று. அங்கே நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது என்பது மற்றொன்று. இதைக் கேட்டபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு காப்பீட்டு நகலை அனுப்பினார்கள், அதில் இருந்தது. அமங்கலம் என்று என் வீட்டுச் செட்டியார் கடிந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இல்லை. பென்ஷன் வருகிறது, வேலை கிடைக்காவிட்டால் குடி முழுகாது. இருபத்தைந்து வயசுப் பிள்ளை கேட்கப் பயப்படுகிறதையெல்லாம் நாம் கேட்கலாம்.

பென்ஷன்காரர்கள் வருசாந்திர நேர்காணலை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கப்போகிறீர்கள் என்று கருவூலத்தில் முன்கூட்டியே சொல்லி, வாழ்நாள் சான்றை எப்படிக் கொடுப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கடுமை. எப்போதோ வந்து ஆறின காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன் நீங்களே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மாத்திரைகளை மூன்று மாசத்துக்கு, டாக்டர் சீட்டோடு, கடை அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை.

பிள்ளை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான், அங்கே போய் அக்கம்பக்கப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். பார்வையாளர் விசாவில் காசு வாங்கி எது செய்தாலும் அது வேலைதான். அடுத்த தடவை விசா மறுத்தால் பேரன் கல்யாணத்துக்குப் போக முடியாது.

எந்த நாடும் ஒத்துவரவில்லை என்றால் வீட்டிலிருந்தே கற்றுக்கொடுக்கலாம். இட்டாக்கி, பிரெப்ளி போன்ற மொழி கற்பிக்கும் இணையத் தளங்கள் இந்தியர்களையும் எடுக்கின்றன, மேல் வயசு வரம்பில்லை. பிரெப்ளி முதல் சோதனை வகுப்புக் காசை முழுசாக எடுத்துக்கொள்ளும், அதற்கப்புறமும் ஒரு பங்கு பிடிக்கும். விலை வைக்கும்போது அதைச் சேர்த்து வையுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஒரு சங்கடம்: உயரமான பட்டாலையில் உட்கார்ந்து பேசினால் குரல் எதிரொலிக்கும். மெத்தை, துணி அலமாரி இருக்கிற சின்ன அறையில் உட்காருங்கள், ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், கரண்ட் போனால் சமாளிக்க இன்வெர்ட்டரில் மோடத்தையும் சேர்த்துவிடுங்கள். முதல் வகுப்புக்கு முந்தின நாள் பேத்தியோடு வீடியோ காலில் பேசி, சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும்.